நாற்றத்தை ஒளித்து வைத்த தெரு

ஒரு நகரம், தன் நடுவே ஓடிய ஓர் ஓடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தது.

அந்த ஓடை பேசினால் மனிதர்களுக்குக் கேட்காது. அதற்காகப் பேச ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் நாற்றம். சாயப்பட்டறைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஓடையை என்ன பாடுபடுத்துகின்றன என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுவாள். பாவம், யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்குத் தூக்கமே இல்லை.

"அடிவரைக்கும் சேறு. இந்தத் தடவையும் தூர் வாரலைன்னா தண்ணியை நான் எங்கே வைப்பேன்?" என்று அது நாற்றத்திடம் புலம்பியது. "போன மழையில கரையோர வீட்டுக்குள்ள போயிட்டேன். தொட்டிலைத் தொட்டுட்டேன்டி. யாரோ வந்து குழந்தையைத் தூக்கினாங்க. இந்தத் தடவை தூக்க ஆள் இல்லைன்னா?"

"மானியம் வர்றாராம். நாளைக்கே," என்றாள் நாற்றம். "கவலைப்படாதே."

மானியம் என்பவர் ஊர் ஊராகப் போய், கெட்டுப்போன நீர்நிலைகளைச் சீர்செய்யப் பணம் தருகிறவர். எங்கே ஜனங்கள் அதிகம் அவதிப்படுகிறார்களோ அந்த இடத்துக்குத்தான் தருவார். நேரில் பார்க்காமல் தரமாட்டார். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருந்த ஏரியும் அவரைக் கூப்பிட்டிருந்தது. அதற்கு நடைபாதையும் வாத்துகளும் வேண்டுமாம்.

மானியம் வருகிற சேதி ஓடைக்கரைத் தெருவுக்கும் எட்டியது. தெருச் சங்கத்துக்குத் தலைவி ரோசலின். அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

"பெரிய மனுஷர் வர்றாரு. இப்படியா வெச்சிருப்போம்?"

ரோசலினுக்கு விருந்தாளி என்றாலே பயம். போன தையில் அவள் மகள் பிரிசில்லாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். கொடுத்த காபியை உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

தெருவே இறங்கி வேலை செய்தது. ஆட்டோ ஓட்டும் கோதண்டம் நீளக் கொம்பால் பிளாஸ்டிக்கையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளினான். பெண்கள் கோலம் போட்டார்கள். கடைசியில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர் வந்து இறங்கினான்.

"ஏய், நாற்றம்! இடத்தைக் காலி பண்ணு," என்றான் பிளீச்சிங் பவுடர்.

"போறேன்பா. ஆனா அவர் என்னைப் பார்க்கத்தானே வர்றாரு?"

"உன்னையா? உனக்கு மூஞ்சியே கிடையாது, என்னத்தைப் பார்ப்பாரு?"

"எனக்கு இல்லைதான். ஆனா நான் இல்லைன்னா இந்த ஓடைக்கு நாக்கே இல்லையேப்பா."

பவுடர் அதற்குள் பாய்ந்துவிட்டான். நாற்றம் இருமிக்கொண்டே அடிச்சேற்றுக்குள் போய் முடங்கினாள்.

மறுநாள் மானியம் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, நிதானமான நடை. கரையில் நின்று எட்டிப் பார்த்தார். தண்ணீர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ரோசலின் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"உங்களுக்கு இங்கே என்ன கஷ்டம்? தயங்காம சொல்லுங்க."

வந்தவர் போனவர் யார் கேட்டாலும் ரோசலின் எப்போதும் சொல்வது ஒன்றுதான். அதையே சொன்னாள். "ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம் சார்."

"மழைக்குத் தண்ணி வீட்டுக்குள்ள வரும்னு கேள்விப்பட்டேனே?"

"வந்தா கால் நனையும் சார், அவ்ளோதான்," என்றான் கோதண்டம். "பீச்சுக்குப் போற செலவு மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். மானியமும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தொட்டிலைப் பத்திச் சொல்லுங்க," என்று வெளியே ஓடை கெஞ்சியது. "அந்தக் குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்ததைச் சொல்லுங்க. சொல்லுங்களேன்!" ஒருவர் காதிலும் விழவில்லை.

ரோசலின் ரோஸ்மில்க் கொடுத்தாள். மானியம் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைப் பிடிக்காமல் ஒரு விருந்தாளி அந்த வீட்டில் குடித்து முடித்தது அன்றைக்குத்தான்.

"வரட்டுமா?" என்று எழுந்த மானியம் வெளியே கரைக்கு வந்தார்.

ஓடைக்கு உயிர் போகிறமாதிரி இருந்தது. அடியில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உந்தியது. சேறு கிழிந்தது. கறுப்பாக ஒரு குமிழி, பானை அளவுக்கு, மெல்ல மேலே வந்து அவருக்கு முன்னால் வெடித்தது.

நாற்றம் கரையேறி ஓடி வந்தாள். "ஐயா, நான்தான்! கொஞ்சம் நில்லுங்க!"

மானியம் நின்றார். அவர் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு நேரமும் தேடி வந்தது இப்போதுதான் தட்டுப்பட்டதுபோல் மெதுவாகத் திரும்பினார்.

"ஏதோ வாடை வருதே? எங்கேயிருந்தும்மா வருது?"

ஓடை மூச்சைப் பிடித்துக்கொண்டது. தெரு தலையைக் குனிந்துகொண்டது.

ரோசலின் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நெற்றி வேர்வையைத் துடைக்க அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. பைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்த கைக்குட்டையை மட்டும்தான் அவள் பார்த்தாள்.

"ஐயோ, இங்க இல்ல சார்!" அவள் கை தானாக நீண்டது. "அது... அந்தப் பக்கம்."

விரல் அடுக்குமாடிகளின் பக்கம் நின்றது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் மானியம். "இவ்வளவு சுத்தமா இருக்கிற உங்களுக்கு நான் எதுக்கு?" கும்பிட்டுவிட்டு, அந்த விரல் காட்டிய வழியே நடந்து போனார்.

நாற்றம் அவர் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். பாலத்தடியில் காற்று திரும்பிவிட்டது. அதற்குமேல் அவளால் போக முடியவில்லை.

சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ரோசலின் உள்ளே போய், கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்க ஆரம்பித்தாள்.