இருபது சுற்று

நொய்யல் பெண்கள் கூடைப்பந்து அணி இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றது. கடைசிப் பந்தை எறிந்தவள் அணித்தலைவி எஸ்தர். பந்து வளையத்தின் விளிம்பில் ஒருமுறை சுற்றியது. யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு வெளியே விழுந்தது.

முதல் ஆட்டத்தை நொய்யல் அணி வென்றிருந்தது. இனி மூன்றாவதில்தான் முடிவு.

எஸ்தருக்கு முப்பத்துமூன்று வயது. இந்த ஆண்டோடு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பதினைந்து ஆண்டுகளில் கோப்பையை அவள் தொட்டதில்லை.

மறுநாள் காலை பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தாள். பயிற்சியாளர் ஜெயசீலி பெஞ்சில் உட்கார்ந்து வலது முட்டிக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த முட்டி முழுதாக மடங்காது. எஸ்தர் அணியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுவரை ஜெயசீலிதான் தலைவி. முட்டி போனதும் ஆட்டமும் போயிற்று. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொன்னதில்லை.

"கோச், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாளைக்கும் ஆட்டம் இதே மாதிரி நெருங்கி வந்தா, கடைசிப் பந்து எனக்கா, நிர்மலாவுக்கா?"

ஜெயசீலி பட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"தோளைக் காட்டு."

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையை உயர்த்தினாள். இடது தோளில் மூன்று இடங்களில் கன்றியிருந்தது.

"எப்ப பட்டது?"

"நேத்துதான். எல்லாம் ஸ்கிரீன்ல."

ஸ்கிரீன் என்பது ஓர் எளிய தந்திரம். பந்தோடு ஓடுகிறவளை நாம் மறித்தபடி பின்னால் நகர்வோம். கண் பந்தின் மேல் இருக்கும். எதிரணிக்காரி ஒருத்தி சத்தமில்லாமல் வந்து நம் பாதையில் தூண்போல் நிற்பாள். நமக்கு முதுகில் கண் இல்லை. பின்னால் நிற்கும் நம் ஆள்தான் எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும்.

"இதுல கடைசியாப் பட்டது எது?"

எஸ்தர் யோசித்தாள். "இது. அவங்க கடைசிக் கூடை போட்டாங்களே, அதுக்கு முன்னாடி."

"அப்ப யாரு முன்னாடி இருந்தா?"

"நாமதான். ஒரு புள்ளி."

"ம்."

"நான் கேட்டது அது இல்ல கோச். கடைசிப் பந்து..."

"எந்திரி."

மற்றவர்களும் வந்திருந்தார்கள். ஜெயசீலி நொண்டியபடி களத்துக்குள் போனாள்.

"இன்னிக்கு நான் மறிக்கிறேன். நீ எனக்குப் பின்னாடி நின்னு, ஸ்கிரீன் எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லு."

"கோச், உங்க முட்டி..."

"என் முட்டிய நான் பாத்துக்கறேன். நீ உன் வாயப் பாத்துக்கோ."

நிர்மலா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். ஜெயசீலி கை விரித்துப் பின்வாங்கினாள். இடப்பக்கம் செவ்வந்தி போய் நின்றாள். அவள் அணியின் மிக உயரமானவள், பத்தொன்பது வயது, முதல் ஆண்டு.

"கோச்! கோச், இட..."

ஜெயசீலி செவ்வந்தியின் மேல் மோதித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ மேடம்!" என்றாள் செவ்வந்தி.

ஜெயசீலி கீழிருந்தே எஸ்தரைப் பார்த்தாள். "என்ன சொன்னே?"

"கோச்னு சொன்னேன்."

"நான் யாருன்னு எனக்குத் தெரியும். எந்தப் பக்கம்னுதான் தெரியல. இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் இடித்தாள். எஸ்தரின் வாயில் மறுபடியும் 'கோச்'தான் முதலில் வந்தது. மூன்றாம் முறை பக்கத்தை மட்டும் கத்தினாள்.

"இடது!"

ஜெயசீலி தோளைத் திருப்பி, செவ்வந்தியை உரசாமல் வழுக்கிக்கொண்டு போனாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப செவ்வந்திகிட்டப் போய்க் கேளு. நேத்து அவ எங்க பாத்துட்டு நின்னான்னு."

செவ்வந்தி தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்தாள். எஸ்தர் வருவதைப் பார்த்ததும் குடித்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நேத்து அந்தக் கடைசி ஸ்கிரீனப் பாத்தியா?"

"பாத்தேங்கா."

"சொன்னியா?"

"சொன்னேங்கா. 'எஸ்தர் அக்கா'ன்னு கூப்ட்டேன். பக்கத்தச் சொல்றதுக்குள்ள நீங்க இடிச்சிட்டீங்க."

"மீராவுக்கு மட்டும் எப்படிச் சரியாச் சொல்றே? அவ தோள்ல ஒரு கீறல் இல்ல."

"அவ என் செட்டுக்கா. 'மீரா இடது'ன்னு கத்திருவேன். பேர் இல்லாமக் கத்துனா யாருக்குன்னு தெரியாதுல்ல."

"என்னையும் அப்படிக் கத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

செவ்வந்தி தன் ஷூவைப் பார்த்தாள்.

"முதல் நாள் கத்தினேங்கா. இருபது சுற்று ஓட விட்டீங்க."

அது அணியின் வழக்கம். மூத்தவளை வெறும் பெயரால் அழைத்தால் களத்தை இருபது சுற்று ஓட வேண்டும். எஸ்தரும் பதினெட்டு வயதில் ஓடியிருக்கிறாள். யார் தொடங்கியது என்று அவள் கேட்டதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அது பழகிவிட்டது.

எஸ்தர் கன்றிய தோளைத் தடவினாள். பிறகு, "நாளைக்குக் கோர்ட்டுக்குள்ள நான் எஸ்தர்" என்றாள். "எங்கே, சொல்லு."

"அய்ய, வேணாங்கா."

"சொல்லுடி."

"எஸ்தர்... க்கா."

மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ தூக்கத்துலகூட அக்கா போடுவா!"

அன்று முழுக்க அதுதான் பயிற்சி. பிற்பகலுக்குள் செவ்வந்தியின் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. கத்திய ஒவ்வொரு முறையும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் ஆட்டமும் அதே இடத்துக்கு வந்து நின்றது. நொய்யல் ஒரு புள்ளி முன்னால். மீதம் பன்னிரண்டு நொடி. பந்து எதிரணியிடம்.

இடைநிறுத்தத்தில் எஸ்தர் பயிற்சியாளரின் முகத்தையே பார்த்தாள். ஜெயசீலியோ தண்ணீர் பாட்டிலைச் செவ்வந்தியிடம் நீட்டினாள்.

"தொண்டைய நனைச்சுக்கோ."

ஆட்டம் தொடங்கியது. எதிரணியின் ஏழாம் எண்காரி பந்தைத் தட்டியபடி நேரத்தைக் கரைத்தாள். எஸ்தர் அவள் முன் கை விரித்து நின்றாள். ஏழு நொடி. ஆறு. அரங்கம் முழுக்க இரைந்தது. அந்த இரைச்சலைப் பிளந்துகொண்டு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எஸ்தர், இடது!"

எஸ்தர் தோளைத் திருப்பினாள். அவள் இடித்திருக்க வேண்டிய உடம்பு அவள் சட்டையை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. இனித் தடை இல்லை என்று நம்பி ஏழாம் எண்காரி பந்தை உயர்த்தினாள். எஸ்தரின் கை அங்கே இருந்தது. பந்து அவள் கைக்கு வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டாள். மணி அடித்தது.

கடைசிப் பந்து அவளிடம்தான் இருந்தது. எறிய வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைய வெகு நேரம் ஆயிற்று. எஸ்தர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அது அவள் நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது. செவ்வந்தி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஏழு தடவை சொல்லிட்டேங்கா."

"எதை?"

"உங்க பேர. நூத்தி நாப்பது சுற்று வருது."

எஸ்தர் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடத் தொடங்கினாள்.

"அக்கா! நீங்க ஏங்கா ஓடுறீங்க?"

"உன்ன ஓட விட்டேன்ல, அதுக்கு."

மூன்றாம் சுற்றில் முன்னால் இன்னொரு காலடி கேட்டது. ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இழுபட்டு. ஜெயசீலி எல்லைக் கோட்டை ஒட்டி நடந்துகொண்டிருந்தாள்.

எஸ்தர் அவளை எட்டிப் பிடித்தாள். "கோச், உக்காருங்க. நீங்க எதுக்கு?"

"இந்த வழக்கத்த யாரு ஆரம்பிச்சான்னு நினைக்கறே?"

எஸ்தரின் ஓட்டம் நடையாயிற்று. அவள் கண் பட்டை சுற்றிய முட்டிக்குப் போனது.

"எனக்குப் பின்னாடி நின்ன பொண்ணு அன்னிக்கு நல்லாத்தான் கத்துனா," என்றாள் ஜெயசீலி. "'சீலி அக்கா'ங்கிற வரைக்கும் கேட்டுச்சு."