ஊசி போடாத அந்த ஒரு ஆள்

சாய்ந்தபாறை என்று ஓர் ஊர். பாறை நேராகத்தான் நிற்கிறது. ஊரை உண்டாக்கியவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் வாரிசுகள் இன்றுவரை தலையை நிமிர்த்தவில்லை.

அந்த ஊர் முத்துப்பேச்சிக்கு ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. பெயர் ராசகனி. முத்துப்பேச்சியும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். புத்தி ஒன்றும் கூடுதலாக வாய்க்கவில்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது. பக்கத்து ஊரான கல்லுமேட்டில் தட்டம்மை வந்து ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவள் ராசகனியை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

நர்ஸ் ஜெசிந்தா வந்து ஊரைக் கூட்டினார்.

"இந்த ஊர்ல இதுவரைக்கும் யாருக்கும் தட்டம்மை வந்ததில்ல, யாரும் அதுக்கு ஊசி போட்டதும் இல்ல. வந்தா வீடு விடாம வாரிக்கிட்டுப் போகும். அடுத்த வாரம் வர்றேன், எல்லாரும் போட்டுக்கணும். ஒன்பது மாசம் நிரம்பாத பிள்ளைக்கு இப்பப் போட மாட்டோம். ஆனா சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிட்டா, நோய்க்கு அந்தப் பிள்ளைகிட்டப் போக வழி இருக்காது. ஊர்ல ஒரு ஆள் போடலைன்னாலும் மத்தவங்க காப்பாத்திடுவாங்க."

இவ்வளவு பேச்சில் ஊரின் காதில் ஏறியது கடைசி வரி மட்டும். அந்த ஒரு ஆள் யார்? அன்று மாலையே கூட்டம் போட்டார்கள்.

"நான் ஊர்த்தலைவன். போட்டுக்காம இருக்கிறதுக்கு எனக்குத்தான் முதல் உரிமை" என்றார் பால்வண்ணம்.

"கோயில்ல முதல் மரியாதை உமக்கு. ஊசியிலயும் உமக்கா?" என்றார் பலசரக்குக் கடை குருவையா. "எனக்குப் பூ மாதிரி உடம்பு. நான்தான் அந்த ஆள்."

"நேத்து ஆட்டுக்கல்லைத் தனியாத் தூக்கினீரே, அது என்ன உடம்பு?" என்றார் தலைவர்.

"தூக்கினது உள்ளங்கை. ஊசி போடறது தோளுக்குக் கீழ. அது வேற இடம்."

இது நியாயம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள்.

முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஒரு ஆள் என் மகதான் பெரியப்பா. அவளுக்குத்தான் போட முடியாது."

பால்வண்ணம் யோசித்தார். அவர் யோசித்தால் வலி வந்த மாதிரி முகம் கோணும். "உன் மகளுக்கு ஓட்டு இருக்கா?"

"ஆறு மாசப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?"

"ஓட்டு இல்லாதவளுக்குப் பதவி கிடையாது."

விடிய விடியப் பேசியும் ஆள் அமையவில்லை. கடைசியில், யார் மனதும் நோகாமல் எல்லாரும் அந்த ஒரு ஆளாக இருந்துகொள்வது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

"எல்லாரும் அந்த ஒரு ஆளா இருந்தா, சுத்தி நிக்கிறது யாரு?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"அதை நோய் வந்ததும் பேசிக்கலாம்" என்று கூட்டத்தைக் கலைத்தார் தலைவர்.

மறுவாரம் வந்த நர்ஸிடம் முடிவைப் பெருமையாகச் சொன்னார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தச் சலுகை ஒன்பது மாசம் நிரம்பாதவங்களுக்குத்தான். பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு வர்றேன். வர்றதுக்குள்ள ஒழுங்கா நில்லுங்க."

திரும்பி வந்தபோது ஒருவரும் நிற்கவில்லை. ஊரிலுள்ள வேம்பு, புங்கை, முருங்கை எல்லாவற்றிலும் சேலைத் தொட்டில் தொங்கியது. முருங்கையில் கட்டியவர்கள் ஏற்கெனவே தரையில் கிடந்தார்கள். முதல் தொட்டிலில் பால்வண்ணம் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள்.

"வயசு?" என்றார் நர்ஸ்.

"எட்டு மாசம்" என்றாள் மனைவி.

"மீசை இருக்கே."

"அவங்க அப்பா ஜாடை."

நர்ஸ் முகத்தில் சிரிப்பே இல்லை. "எட்டு மாசமாச்சு, இன்னும் ஒரு தடுப்பூசியும் போடலையா? ஒன்றரை மாசத்து ஊசி, ரெண்டரை மாசத்து ஊசி, மூன்றரை மாசத்து ஊசி எல்லாம் பாக்கி. பெரியவரா இருந்தா இன்னிக்கு ஒண்ணோட போயிருக்கும்."

தொட்டில் ஆடாமல் நின்றது.

"எனக்கு ஐம்பத்தெட்டு" என்றது தொட்டில்.

மற்ற தொட்டில்களிலும் பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையின் நடுவில் முத்துப்பேச்சியும் நின்று போட்டுக்கொண்டாள்.

மாதம் ஒன்று போனது. கல்லுமேட்டு வளையல்காரர் சாய்ந்தபாறைக்கு வந்தார். வீடு வீடாக இருமினார். மறுநாள் அவர் உடம்பெல்லாம் தடிப்பு என்று தகவல் வந்தது. முத்துப்பேச்சி ராசகனியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே, நோய் ஒட்டியிருந்தால் வெளிவரக்கூடிய அடுத்த பதினைந்து நாளையும் கழித்தாள். நெற்றி குளிர்ந்தே இருந்தது. ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

"பாத்தீங்களா? நோயே வரலை. வீணாக் குத்திக்கிட்டோம்" என்றார் பால்வண்ணம். ஊர் ஆமோதித்தது.

ராசகனிக்கு ஒன்பது மாதம் நிரம்பியதும் நர்ஸ் பெட்டியோடு வந்தார். ஊரே வாசலை மறித்தது.

"அவளுக்குப் போடக் கூடாது" என்றார் பால்வண்ணம். "நாங்க இத்தனை பேரு வலி பட்டது இந்த ஒருத்திக்காக. இவளும் போட்டுக்கிட்டா எங்க வலிக்கு என்ன மரியாதை?"

"உங்க வலியோட மரியாதையைக் காப்பாத்த என் பிள்ளையைப் பலி கேக்குறீங்களா பெரியப்பா? தள்ளுங்க" என்றாள் முத்துப்பேச்சி. அவள் குரலைக் கேட்டு ஊர் தானாக ஒதுங்கியது. நர்ஸ் ஊசி போட்டார். குழந்தை கொஞ்சம் அழுதது. தலைவர் அழுததில் பாதிகூட இல்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குருவையாவுக்கு ஒரு விஷயம் உறைத்துவிட்டது: அந்த ஒரு ஆளின் இடம் இப்போது காலி.

நர்ஸ் பெட்டியை மூடித் திரும்புவதற்குள் எதிரே நீண்ட வரிசை. ஊசிக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். முன்னால் பால்வண்ணம்.

"எனக்குப் போட்டதைத் திருப்பி எடுத்துடுங்க நர்ஸம்மா. இனி நான் அந்த ஆளா இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எடுக்கும்போது வலிக்குமா?"

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "போட்டதைவிட வலிக்கும்."

பால்வண்ணம் சட்டென்று விலகி, "குருவையா, நீரு முன்னால போம்" என்றார். ஊர் சரித்திரத்தில் அவர் முதலிடத்தை விட்டுக்கொடுத்தது அன்றுதான். குருவையா கும்பிட்டுவிட்டுப் பின்னாலிருந்தவருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. முன்னால் நின்றவரெல்லாம் ஓடி ஓடிக் கடைசியில் போய் நிற்க, வரிசை பின்பக்கமாகவே நகர்ந்து, ஊரைத் தாண்டி, கல்லுமேட்டு எல்லைக்குள் நுழைந்துவிட்டது.

அங்கே ஒருவர் கேட்டார். "எதுக்குங்க இவ்வளவு பெரிய வரிசை?"

"முதல் மரியாதைக்கு" என்றார் பால்வண்ணம். "நீங்க வேணும்னா முன்னால போங்க."