பத்திரமாக இருக்கும் பெயர்

கடலோரத்து ஐஸ் பேக்டரி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள்: கொம்பையா, திரவியம், சவரியான். மூன்று மூளையையும் சேர்த்துப் பிழிந்தால் ஒரு கரண்டி தேறாது. முதலாளி பாக்கியத்தம்மாள் மூவரையும் "ஏலே கம்ப்யூட்டர்" என்றே கூப்பிடுவாள். பெயர் கேட்டதே கிடையாது.

தண்ணீரைக் கவனிக்க ஒரு புரோகிராம், குளிருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, ஆளுக்கொன்றாக எழுதியிருந்தார்கள். எது கெட்டாலும் திரையில் ஒரே வரிதான்: "கோளாறு! ஓடி வா!" கூப்பிட்டது யாரென்று தெரியாமல் மூவரும் மூன்று பக்கம் ஓடுவார்கள்.

"ஏலே, ஒவ்வொரு புரோகிராமும் தன் பேரை உள்ள பத்திரமா வச்சிருக்கணும். கோளாறுன்னா முதல்ல பேரு, அப்புறம் அழுகை. நாளைக்குப் படகு திரும்புது. ஐஸ் உருகுச்சுன்னா, எவன் எழுதுனதோ அவன் வீட்டுக்குப் போயிரணும்!" என்றாள் முதலாளி.

கொம்பையாவுக்கு மாமனார் ஞாபகம் வந்தது. இந்த வேலையும் போனால் மாமனார் மில்லில் மிளகாய் அரைக்க வேண்டும்.

"புரோகிராமுக்குப் பேரு ஏதுல? நாம வைக்கவே இல்லையே!" என்றான் திரவியம்.

வைத்தார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்க ஓட்டைதான் காது என்று முடிவாகி, அதில் மூன்று தடவை பெயரை ஓதினார்கள். எழுத்தெல்லாம் கீபோர்டில் இருப்பதால் அதுவே வாய் என்று சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றினார்கள்.

"சரி, பத்திரமான்னா எப்படில?" கொம்பையா கேட்டான்.

"எவன் கண்ணுலயும் படக்கூடாது. என் பொண்டாட்டி நகைய அப்படித்தான் வச்சிருக்கா. எனக்கே காட்ட மாட்டா," என்றான் சவரியான்.

"கோளாறுன்னா பேரை முதல்ல சொல்லணுமே?" என்றான் கொம்பையா.

"பேரு பத்திரமா இருக்குன்னு சொல்லட்டும். முதலாளியம்மாவுக்கும் நிம்மதி."

மறுநாள் படகுகள் வந்து சேர்ந்தபோது பேக்டரிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். திரையில் எழுத்து மின்னியது: "என் பெயர் பத்திரமாக இருக்கிறது. கோளாறு! ஓடி வா!"

"எதுல கெட்டுப்போச்சு?" என்று கத்தினாள் பாக்கியத்தம்மாள்.

"அது தெரியலம்மா," என்றான் கொம்பையா பணிவாக. "ஆனா பேருக்கு ஒண்ணும் ஆகல."

அவள் ஒரு தாளை உருவினாள். "இன்றோடு உனக்கு வேலை இல்லை" என்று எழுதினாள். மேலே பெயர் எழுத இடம் விட்டிருந்தாள். பேனா கொம்பையா பக்கம் திரும்பியது.

"உன் பேரு என்னல?"

கொம்பையாவின் கண்ணில் மிளகாய் நெடி ஏறியது. விறைப்பாக நின்று சொன்னான்:

"என் பெயர் பத்திரமாக இருக்கிறது. கோளாறு! ஓடி வா!"

மற்ற இருவரும் உடனே ஓடினார்கள், ஆளுக்கொரு பக்கம்.