தலைவருக்காக இறங்கிய கொடி

பேரூராட்சித் தலைவர் வடமலையானுக்கு மாலையும் மேளமும் போதவில்லை. கொடியேற்றும் கடைநிலை ஊழியர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏய், நாளைக்கு விழா ஒத்திகை. நான் வாசலுக்குள்ள கால் வைக்கும்போது கொடி இறங்கி எனக்கு வணக்கம் வைக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!"

இசக்கியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினெட்டு வருஷமாகக் கயிறு பிடிக்கிறாள், இப்படி ஒரு உத்தரவைக் கேட்டதே இல்லை.

"ஐயா, தேசியக்கொடி ஆளுக்கெல்லாம் குனியாதுங்க."

"எனக்குக் குனியும்!"

"எவ்வளவு இறக்கணும்?"

"பாதி போதும்."

மறுநாள் தலைவர் வந்தார், கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அவர் பூரித்துப்போய் உள்ளே உட்கார்ந்தார். வெளியே டீக்கடைக்காரர் பதறிக் கேட்டார்: "யாருக்காகம்மா இறக்கியிருக்கு?"

"நம்ம தலைவருக்காகத்தான்."

அவ்வளவுதான். கடைத்தெரு முழுக்கக் கதவடைத்தது. சங்கு ஊதுகிறவர் வந்துவிட்டார். தலைவரின் மச்சினன் மாலையோடு அழுதுகொண்டே உள்ளே ஓடினவன், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து அலறினான்: "அத்தான்! நீங்க சாகலியா?"

வெளிறிப்போன தலைவர் வாசலுக்கு ஓடிவந்தார். "தாயே, கொடியை மேல ஏத்தும்மா!"

"இதோ ஏத்துறேங்க. அது நிமிர்ந்து நின்னாத்தான் நீங்க உசுரோட இருக்கிறதை ஊர் நம்பும்."