குழி நிறையாத காரணம்

நிலக்கரி தோண்டி முடித்த பெருங்குழியைப் படகு விடும் ஏரியாக்கக் கிளம்பினார் புது அதிகாரி. மூன்று மாதம் லாரி லாரியாகக் கொட்டியும் தண்ணீர் முழங்கால் அளவுகூடத் தேறவில்லை.

"பொங்கலுக்குள்ள நிறையணும். இல்லேன்னா ஒருத்தருக்கும் வேலை கிடையாது!" என்று கத்தினார்.

பம்ப் ஓட்டும் தனவேலு, "ஒரு கையெழுத்து போடுங்கய்யா, தானா நிறைஞ்சிடும்" என்றார்.

"என்னய்யா, மந்திரமா?"

"குழியில ஊறுற தண்ணிய முப்பது வருஷமா ராப்பகலா வெளிய இறைக்கிறேன். சுரங்கத்தை மூடியும் பம்பை நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரலை. நான் இறைச்சு விடுற வாய்க்கால்லதான் உங்க லாரியும் மொண்டுக்கிட்டு வருது."

அதிகாரி பம்பை நிறுத்தும் ஆர்டரில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்: "இதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேங்கய்யா. பம்பை விட்டுட்டு வந்தேன்னு மெமோ குடுத்தீங்க."

பொங்கலன்று ஏரியின் முதல் படகில் தனவேலு காலை நீட்டி உட்கார்ந்து போனார், பம்பை விட்டுவிட்டுத்தான்.