கஷாயத்துக்குச் சாகாத காய்ப்புழு

அந்தக் காலத்தில் புழு பூச்சிக்கும் பேச்சு இருந்தது. கரிசல் காட்டில் சீனிச்சாமியும் அவர் மனைவி குருவம்மாளும் பருத்தியும், வரப்போரம் வீட்டுச் சமையலுக்கு வெண்டையும் போட்டிருந்தார்கள். பருத்திக் காயில் புழு விழுந்தால் புகையிலைக் கஷாயம் தெளிப்பார்கள்; வெண்டைக்குத் தெளிப்பதில்லை. புழுக்கள் சுருண்டு உதிர்ந்துவிடும்.

அந்த வருஷம் தெளித்த மறுநாள், செத்த புழுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் காயைக் குடைந்துகொண்டிருந்தது. சீனிச்சாமி திகைத்துப்போனார்.

"உனக்கு மாற்று மருந்து யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலைய்யா. எங்க அக்கா தங்கச்சி குடிச்சதைத்தான் நானும் குடிச்சேன். நான் மட்டும் ஏன் சாகலைன்னு எனக்கே தெரியலை" என்றது புழு.

அது பொய் சொல்லவில்லை. பிறக்கும்போதே அதன் உடம்பு அப்படி அமைந்திருந்தது.

சீனிச்சாமி நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, "கஷாயத்துல தண்ணி கலந்தியா?" என்று கேட்டார்.

குருவம்மாள் கஷாயப் பானையில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது, வாசலுக்கு ஓடினாள். சீனிச்சாமிக்கு வெட்கமாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது.

"அப்ப, வரப்பு வெண்டையிலிருந்துதான் இந்தப் புழு வருது" என்று பானையைத் தூக்கினார்.

"அது நாம தின்கிறதுங்க. அதுல எதுக்கு விஷம்? அந்தப் புழு கொஞ்சம் தின்னுட்டுப் போகட்டும்."

அவர் கேட்கவில்லை. வெண்டையில் ஓர் இலை விடாமல் தெளித்தார். அதிலிருந்த புழுக்களெல்லாம் செத்தன.

முன்பும் ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு புழு யார் கண்ணிலும் படாமல் தப்பும். அந்துப்பூச்சியாகி, வெண்டையில் வளர்ந்த பூச்சியோடு சேரும். வெண்டைப் பூச்சியின் உடம்பு வாய்த்த பிள்ளைகள் கஷாயத்துக்குச் செத்துப்போகும். இந்த முறை சேர வெண்டைப் பூச்சி இல்லை. தப்பியது காடெல்லாம் பறந்து, கடைசியில் தன்னைப்போல் தப்பிய இன்னொன்றைக் கண்டது.

"நீ ஏன் சாகலை?"

"தெரியலை. நீ?"

"எனக்கும் தெரியலை."

இரண்டும் கூடி முட்டையிட்டன.

அடுத்த வெள்ளாமையில் கஷாயம் பட்டு ஒரு புழுகூட உதிரவில்லை. சீனிச்சாமி இன்னும் கெட்டியாகக் காய்ச்சித் தெளித்தார். புழுக்கள் நனைந்தபடியே தின்றன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்து, "ஏன் சாக மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார்.

"எங்க அம்மாவும் சாகலை, அப்பாவும் சாகலை. எப்படிச் சாகிறதுன்னு எங்களுக்குத் தெரியலைய்யா."

குருவம்மாள் ஓட்டை விழுந்த காய்களை மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மருந்தடித்த காட்டில் புழு தலை நீட்டுவதும், மனிதர்கள் இன்னொரு மருந்தைத் தேடி ஓடுவதும் அன்று தொடங்கியதுதான்.