தலையாட்டிய ஓணானும் மூன்று நாட்டுப் பறவைகளும்

ஏழு ஏரி தாண்டி எட்டாவது ஏரி. அந்த ஏரிக்கரையில் ஒரே ஒரு பனங்கட்டை. அந்தக் கட்டையின் மேல் ஒரே ஒரு ஓணான் இருந்ததாம். அதன் பெயர் குப்பாண்டி.

குப்பாண்டி பார்த்த உலகம் மொத்தம் பன்னிரண்டு தாவல். கட்டையிலிருந்து எதிரே இருந்த ஆவாரஞ்செடி வரைக்கும் பன்னிரண்டு தாவல். திரும்பி வரவும் அதே பன்னிரண்டுதான்.

ஆனால் தலை மட்டும் சும்மா இருக்காது. ஓணான் தலை அப்படி! வெயில் அடித்தால் ஆடும். காற்று அடித்தால் ஆடும். பயந்துவிட்டால் இன்னும் வேகமாக ஆடும். மேலே, கீழே, மேலே, கீழே!

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி ததும்பியது. மழை விட்டதும் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள்.

முதலில் வந்தது மங்கோலியா நாட்டு வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு, பெரிய உடம்பு, பெரிய குரல். எல்லாரும் அதை வாத்தக்கா என்றே கூப்பிட்டார்கள். அடுத்து ரஷ்யாவின் வடகோடியிலிருந்து, கரைச் சேற்றைக் கொத்தித் திரியும் ஒரு உள்ளான். உடம்பு ஒரு கைப்பிடிதான். பேச்சோ நிற்கவே நிற்காது. கடைசியில் கசகஸ்தானிலிருந்து சூறைக்குருவிகள். ரோசாப்பூ நிறத்தில் முந்நூறு குருவிகள்! முந்நூறும் ஒரே நேரத்தில்தான் பேசும்.

"அப்பாடா! வந்து சேர்ந்தாச்சு," என்று இறக்கையை உதறியது வாத்தக்கா. "இருந்தாலும் எங்க மங்கோலியா மாதிரி வருமா? சுத்தி மலை, நடுவுல ஏரி. தண்ணி அவ்வளவு நீலம்! குனிஞ்சு ஒரு வாய் குடிச்சா வானத்தையே குடிச்ச மாதிரி இருக்கும். உலகத்துலயே அழகான நாடுன்னா அதுதான்!"

"மலையா? மலை எதுக்குக்கா? பார்வையை மறைக்கவா?" என்று குறுக்கே ஓடி வந்தது உள்ளான். "எங்க ஊருக்கு வந்து பாரு. கோடையில சூரியன் தூங்கவே தூங்காது! வானத்தோட ஓரத்துலயே உருண்டுக்கிட்டுக் கிடக்கும். தரையெல்லாம் பாசி மெத்தை. பூச்செடி ஒவ்வொண்ணும் என் முழங்கால் உயரம்தான்!"

"உன் முழங்கால் எங்கே இருக்குன்னே தெரியலையே தம்பி!" என்றது வாத்தக்கா.

"புல்லு! புல்லு! புல்லு!" என்று முந்நூறு சூறைக்குருவிகளும் கத்தின. "எங்க நாட்டுல நாலு பக்கமும் புல்லு! காத்தடிச்சா தரையே அலையடிக்கும்! நாள் முழுக்கப் பறந்தாலும் முடியாது! அதுதான் அழகு!"

"மேயறதுக்கு நீங்க என்ன ஆடா, மாடா?" என்றது உள்ளான்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது சண்டை! ஒரு நாள் நடந்தது. இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் ஏரியில் இருந்த தவளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போய்விட்டன.

அப்போதுதான் உள்ளான் கட்டையைப் பார்த்தது.

"அக்கா, அங்கே பாரு! நான் ரஷ்யாவைப் பத்திச் சொல்லச் சொல்ல ஒருத்தர் தலையாட்டுறாரு!"

"போடா! நான் மங்கோலியான்னு சொன்னப்பவும் ஆட்டினாரே!"

"எங்களுக்கும்! எங்களுக்கும்!" என்றன சூறைக்குருவிகள்.

மூன்று நாட்டுப் பறவைகளும் கட்டையடியில் வந்து நின்றன. "ஐயா, நீங்க மங்கோலியா பார்த்திருக்கீங்களா?" என்று பணிவாகக் கேட்டது வாத்தக்கா.

தலை ஆடியது.

"ரஷ்யா? கசகஸ்தான்?"

தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"அடேயப்பா! உலகத்தையே சுத்தின ஐயா! அப்போ நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்!"

குப்பாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லீங்க, இது என் கழுத்துப் பழக்கம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிறந்ததிலிருந்து அதை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டைக்குள் வெல்லக்கட்டி மாதிரி இனித்தது. அந்த இனிப்பில் உண்மை கரைந்தே போய்விட்டது!

"ம்ம்... மங்கோலியா," என்று தொண்டையைச் செருமியது குப்பாண்டி. "நல்ல ஊருதான். மலையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலி வந்துடுச்சு. இப்போ ஆடுது பாருங்க, அப்போ பிடிச்சதுதான்!"

"ஐயோ பாவம்!" என்றது வாத்தக்கா, உருகிப்போய்.

"ரஷ்யாவுல தூக்கமே இல்லை. சூரியன் முறைச்சுக்கிட்டே இருந்தான். கசகஸ்தானா? அந்தப் புல்லு வயித்துல கிச்சுக்கிச்சு மூட்டி, சிரிச்சு சிரிச்சு மூணு மாசம் சாப்பிடவே முடியலை!"

முந்நூறு குருவிகளும் விழுந்து விழுந்து சிரித்தன. பத்துக் குருவிகள் நிஜமாகவே விழுந்தன.

"தீர்ப்பு என்ன ஐயா?"

"அவசரப்படாதீங்க. பெரிய விஷயம். யோசிக்கணும். பசியோட யோசிக்க முடியாது."

பிறகென்ன! உள்ளான் காலையில் தட்டான் பிடித்து வந்தது. சூறைக்குருவிகள் மத்தியானம் வெட்டுக்கிளி கொண்டுவந்து குவித்தன. வாத்தக்கா சாயங்காலம் புல்லைக் கலைத்துக் கலைத்துப் பூச்சி ஓட்டிக் கொடுத்தது. ஒவ்வொருவரும் காதோடு கேட்டார்கள், "எங்க நாடுதானே ஐயா?" ஒவ்வொருவருக்கும் தலை ஆடியது. ஒவ்வொருவரும் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு போனார்கள்.

பத்தே நாளில் குப்பாண்டிக்குத் தொப்பை போட்டுவிட்டது. கட்டையில் ஏறும்போது மூச்சு வாங்கியது.

பதினோராம் நாள் காலை. ஏரியின் மேல் ஒரு நிழல் தாழ்ந்து வந்தது. பூனைப்பருந்து! சூறைக்குருவிகள் அத்தனையும் கருவேலமரத்துக்குள் பாய்ந்தன. உள்ளான் ஏரியின் நடுத்திட்டுக்குப் பறந்தது. வாத்தக்கா மட்டும் தண்ணீரில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது.

பருந்து கட்டைக்கு எதிரே ஒரு மண்கட்டியில் இறங்கியது. குப்பாண்டிக்கு ஓட வேண்டும் என்று இருந்தது. தொப்பை ஓட விடவில்லை!

"வணக்கம் நியாயஸ்தரே," என்றது பருந்து, குழைந்த குரலில். "நானும் நாலு நாடு சுத்தினவன்தான். மலை, புல்லு, பூவெல்லாம் எனக்கு வேண்டாம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உலகத்துலயே கொழுத்த ஓணான் இந்த நாட்டுலதானே இருக்கு?"

குப்பாண்டிக்கு உடம்பெல்லாம் பயம். பயந்தால் தலை என்ன செய்யும்? ஆடியது!

"தட்டானும் வெட்டுக்கிளியுமா தின்ன ஓணானோ?"

வேகமாக ஆடியது!

"அப்போ இப்பவே ஒண்ணைத் தின்னா தப்பில்லையே?"

ஐயோ, இன்னும் வேகமாக ஆடியது! இரண்டு முன்னங்காலாலும் தாடையைப் பிடித்துப் பார்த்தது குப்பாண்டி. தலையோடு சேர்ந்து காலும் ஆடியது!

நடுத்திட்டிலிருந்து உள்ளான் பார்த்தது. அதன் கண் கலங்கியது. "அக்கா, பார்த்தியா? ஐயா தன்னையே விருந்தா கொடுக்கிறாரு! எவ்வளவு பெரிய மனசு!"

"பெரியவங்க முடிவு எடுத்துட்டா நாம குறுக்கே போகக் கூடாது," என்று தலை குனிந்தது வாத்தக்கா.

"ஐயா வாழ்க! ஐயா வாழ்க!" என்றன கருவேலமரத்துக் குருவிகள், முந்நூறும்.

வாழ்கவா? குப்பாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. உதவிக்கு வர ஆள் இருக்கிறது. ஆனால் இந்தத் தலை ஆடுகிற வரைக்கும் ஒருத்தரும் வரமாட்டார்கள்! பருந்து இறக்கையை விரித்தது. வளைந்த நகம் வெயிலில் பளபளத்தது.

"பொய்!" என்று அலறியது குப்பாண்டி. "எல்லாம் பொய்! நான் மங்கோலியா பார்த்ததில்லை! ரஷ்யா பார்த்ததில்லை! அந்த ஆவாரஞ்செடியைத் தாண்டினதில்லை! எனக்கு ஒண்ணுமே தெரியாது! இது வெறும் கழுத்துப் பழக்கம்! அக்கா, காப்பாத்துக்கா!"



அடுத்த நொடி வாத்தக்கா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. "அடப் பாவி, அப்போ சம்மதம் இல்லையாடா உனக்கு!" என்று கத்திக்கொண்டே போய்ப் பருந்தின் விலாவில் இறக்கையால் ஒரு அறை விட்டது. உள்ளான் பருந்தின் கண்ணெதிரே குறுக்கும் நெடுக்கும் பறந்தது. முந்நூறு குருவிகளும் மரத்திலிருந்து ஒரே கூச்சலாகக் கொட்டின. பருந்துக்கு எது வானம், எது தரை என்றே தெரியவில்லை. இரண்டு இறகைப் போட்டுவிட்டு, வந்த வழியே பறந்துவிட்டது.

இப்போது மூன்று நாட்டுப் பறவைகளும் குப்பாண்டியைச் சுற்றி நின்றன.

"பத்து நாள் தட்டான்!" என்றது உள்ளான்.

"கழுத்து வலியாம்!" என்றது வாத்தக்கா. "நான் உருகிப்போனேனேடா உனக்காக! உண்மையாவே மங்கோலியா பார்த்ததில்லையா?"

தலை ஆடியது.

"தலையை விடு! வாயால சொல்லு!"

"பார்த்ததில்லைக்கா. மன்னிச்சுடு," என்றது குப்பாண்டி. பிறகு மெல்லக் கேட்டது, "அக்கா, நிஜமாவே தெரியாமதான் கேக்குறேன். இதோ, இந்த ஐப்பசியில உங்க நாட்டு ஏரி எப்படி இருக்கும்?"

வாத்தக்கா வாயைத் திறந்தது. "அது... எனக்கே தெரியலையே!" என்றது. குளிர் தொடங்கும்போதே கிளம்பி வந்துவிடுகிற வாத்து அது. பனியில் அந்த ஏரி எப்படி இருக்கும் என்று அது பார்த்ததே இல்லை!

"உள்ளான் தம்பி, உனக்கு?" என்று கேட்டது குப்பாண்டி.

"சூரியன் தூங்காத வரைக்கும்தான் நான் அங்கே. அப்புறம் என்ன ஆகும்னு... தெரியாதே!"

"தெரியாது! தெரியாது! தெரியாது!" என்றன சூறைக்குருவிகள்.

வாத்தக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிக்க, உள்ளான் சிரிக்க, முந்நூறும் சிரிக்க, குப்பாண்டியின் தொப்பை குலுங்கியது.

"பாதி நாட்டை வெச்சுக்கிட்டா மூணு நாள் சண்டை போட்டோம்!" என்றது வாத்தக்கா. "சரி, நீ சொல்லு. நாங்க போன பிறகு சித்திரையில இந்த ஏரி எப்படி இருக்கும்?"

"அதுவா! அது எனக்குத் தெரியும்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தது குப்பாண்டி. "தண்ணி மொத்தமும் போயிடும்கா. தரை பாளம் பாளமா வெடிச்சிருக்கும். ஒவ்வொரு வெடிப்புக்குள்ளேயும் ஒரு பூச்சி பாடும். கரையில கொன்றை மரம் ஒரு இலை இல்லாம மஞ்சளா நிக்கும்!"

"இந்த ஏரியா? தண்ணி இல்லாமயா?" என்று கண்ணை விரித்தன எல்லாம். "இன்னும் சொல்லு! இன்னும் சொல்லு!"

அன்றைக்கு யாரும் தீர்ப்பு கேட்கவில்லை. மாறி மாறிக் கேட்டார்கள், மாறி மாறிச் சொன்னார்கள். வெயில் ஏறியதும் வாத்தக்கா வயலுக்குப் பறந்தது. சூறைக்குருவிகள் ஒரு ரோசா மேகமாகக் கிளம்பிப் போயின. குப்பாண்டி தூக்கம் சொக்கிக் கட்டைப் பொந்துக்குள் புகுந்தது. கேட்க ஆள் இல்லை என்பதைக் கவனிக்காமல், "பாசி மெத்தைன்னு சொன்னேனே, அதுல ஒரு மாதிரி சிவப்புப் பாசி இருக்கு பாரு..." என்று பேசிக்கொண்டே, சேற்றைக் கொத்திக் கொத்தி நடந்து, உள்ளானும் கரை வளைவில் மறைந்தது.

பார்க்காததற்கெல்லாம் தலையாட்டுகிறவன் ஆபத்தில் தனியாக நிற்பான். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிறவனுக்கு உலகமே பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் அழகைச் சொல்லும்.